பயோமார்க்கருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

பழைய வண்ணாரப்பேட்டை, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மருந்து ஆய்வின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை, இதய நோய் வரும் ஆபத்தைக் காட்டும் 'பயோமார்க்கர்'களையும் குறைக்கிறதா என்று பார்க்கப்போகிறார்கள். சேரப்போகிறவர்களில் பலர் காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் அவர்களைக் கரையில் பிடிக்க முடியும். அதற்குள் நெறிமுறைக் குழு படிவத்தைப் பார்த்தாக வேண்டும். எனக்குக் கெடு வெள்ளிக்கிழமை.

'மார்க்கர்' என்றே விட்டால் அது வெள்ளைப் பலகையில் எழுதும் பேனா. 'அறிகுறி' என்று போட்டு அடித்துவிட்டேன். அறிகுறி நோயாளிக்கே தெரிவது: நெஞ்சு வலி, மூச்சிரைப்பு. இதுவோ ஊசி குத்தி ரத்தம் எடுத்தால்தான் தெரியும். உயிர்க்குறி, உயிரிக்குறிப்பான், உயிரியல் சுட்டி என்று மூன்று கண்ணில் பட்டன. எதை வைக்கலாம்?

பெரம்பூர், செவ்வாய் காலை

மகளுக்கு, 'உயிர்க்குறி' வேண்டாம். 'குறி' என்று முடிந்தால் கடைசி பெஞ்சு சிரிக்கும். முப்பது வருடம் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன். ஆனால் வேர் நல்ல வேர். கண்ணைக் குறுகிய ஒரு புள்ளியில் நிறுத்துவதே குறி. ஆகவே 'குறு'வில் பிறந்ததே 'குறி' என்பது என் துணிபு.

வள்ளுவர் ஒரே ஒரு தலைப்பைத்தான் இரண்டு அதிகாரத்துக்கு வைத்தார்: குறிப்பறிதல். பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. 'அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்.' உள்ளே மிகுந்ததை வெளியே காட்டுகிறது முகம். ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. என்ற பயோமார்க்கர் செய்வதும் அதுதானே? உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் கூடுதலாகச் சுரந்து விடுகிற புரதமாம், மருமகள் சொன்னாள். 'குறிப்பான்' என்று வை. தீர்ந்தது.

திருவொற்றியூர், செவ்வாய் மதியம்

தீரவில்லை ஐயா. ஒன்று, குறு-குறி உறவுக்கு உங்கள் துணிபைத் தவிர வேறு சான்று உண்டா? இரண்டு, 'ஆன்' ஆண்பால் விகுதி, நன்னூலே சொல்கிறது. குறிப்பான் என்றால் குறிப்பெடுக்கிற ஆள். பூச்சிக்கொல்லி, ஒட்டுண்ணி, கணினி போல இகர விகுதி போட்டுக் 'குறிப்பி' என்பதே முறை.

பெரம்பூர், செவ்வாய் மதியம்

அழிப்பான் இல்லாத பள்ளிக்கூடப் பை உண்டா தம்பி? அதை எந்தப் பிள்ளையும் ஆம்பளை என்று நினைத்ததில்லை.

ராயபுரம், செவ்வாய் இரவு

ஓ.பி. முடிந்து இப்போதுதான் படித்தேன். விகுதிச் சண்டையை நீங்களே போடுங்கள். எனக்குப் பயம் வேறு இடத்தில்.

ரோசிகிளிட்டசோன் என்று ஒரு சர்க்கரை மாத்திரை. அமெரிக்காவில் 1999-ல் அனுமதி. சர்க்கரையைக் குறைத்தது, சி.ஆர்.பி.யையும் குறைத்தது. இந்த எண்கள் அழகாக இறங்கின. 2007-ல் ஸ்டீவன் நிசென் என்ற அமெரிக்க இதய மருத்துவர் பழைய ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், மாரடைப்பு வாய்ப்பு சுமார் 43 சதவீதம் கூடுதல் என்று வந்தது. 2010-ல் இந்தியாவில் தடை. அமெரிக்கா 2013-ல் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே யாராவது என்னைப் பிடிப்பார்கள். ஆனால் அந்தக் கலவரத்தால்தான் 2008-ல் அமெரிக்காவில், புதிய சர்க்கரை மருந்து இதயத்துக்குக் கெடுதல் செய்யவில்லை என்று தனியாகக் காட்டியாக வேண்டும் என்றானது.

தலைகீழாகவும் நடக்கும். எம்பாகிளிஃபுளோசின் ஆய்வு 2015-ல் வந்தது, ஏழாயிரம் பேர். இதய நோயால் இறந்தவர்கள், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட கூட்டத்தில் 5.9 சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் 3.7. இத்தனைக்கும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அதில் கொஞ்சம் ஏறவே செய்தது.

ஆக, எண் வேறு, மாரடைப்பு வேறு. இந்த ஆய்வு எண்ணைத்தான் பார்க்கப்போகிறது. 'இதய நோய்க் குறிப்பான் குறைந்தது' என்று படிக்கிறவர், இதய நோயே குறைந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார். சொல் அந்த வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது.

திருவொற்றியூர், செவ்வாய் நள்ளிரவு

டாக்டர் சொன்னதற்கு இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. 'காசிமேடு இன்று கடலுக்குப் போகவில்லை' என்றால் காசிமேடா போகும்? அங்கே இருக்கிற மனிதர்கள். இடவாகுபெயர். ஒன்றின் பெயர் அதோடு ஒட்டிய இன்னொன்றுக்கு ஆகி வருகிறது. அதே மாதிரி, மாரடைப்பைக் காத்திருந்து எண்ண வருடக்கணக்காகும் என்பதால், அதற்கு ஆகி நிற்கிற ஓர் அளவை எண்ணுகிறார்கள். 'ஆகுகுறி' என்போம். அசல் அல்ல, அசலுக்கு ஆகி நிற்பது என்று சொல்லே எச்சரித்துவிடும். குறிப்பியைத் திரும்பப் பெறுகிறேன்.

வியாசர்பாடி, புதன் காலை

ஆகுபெயர் வரை போனவர் இன்னும் நாலு அடி வைத்திருந்தால் தருக்கத்துக்கு வந்திருப்பார். மணிமேகலையில் 29ஆம் காதையைப் பாருங்கள். மலையில் புகை, ஆகவே தீ. காணாததைக் காண வைக்கிற அந்தப் புகைக்குப் பெயர் 'ஏது'. ரெடிமேட் கலைச்சொல். இன்னொரு வசதி: பொய்யான காரணத்துக்கு 'ஏதுப் போலி' என்று அங்கேயே சொல் இருக்கிறது. டாக்டர் சொன்ன ரோசி கதை அசல் ஏதுப் போலி.

திருவொற்றியூர், புதன் காலை

ஏது, ஹேது. வடசொல்.

வியாசர்பாடி, புதன் காலை

இதயம் மட்டும்? ஹ்ருதயம்தானே.

திருவொற்றியூர், புதன் காலை

நெஞ்சாங்குலை என்று எழுதலாமே.

ராயபுரம், புதன் மதியம்

எழுதலாம். ஓ.பி.யில் படித்துக் காட்டினால் குலைநடுங்கி எழுந்து போவார்கள்.

பெரம்பூர், புதன் மாலை

தம்பிகளுக்கு ஒரு பழங்கதை. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளிகள் சங்கம் வைத்தபோது எந்த அகராதியைப் புரட்டிவிட்டுக் கூடினார்கள்? அதற்கும் முன்னாலே, 19ஆம் நூற்றாண்டிலேயே, யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பாடம் நடத்த நடத்தச் சொல் வந்தது. நாம் சொல்லைச் செய்து வைத்துக்கொண்டு பாடத்தைத் தேடுகிறோம். நிற்க. குறிப்பானை நான் விடவில்லை.

காசிமேடு, வியாழன் காலை

அக்கா, நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. படிவத்தை வீடு வீடாகப் படித்துக் காட்டப்போவது என்னைப் போன்ற நர்சுகள்தான், அதனால் எழுதுகிறேன். படிக்கத் தெரியாதவரென்றால் பக்கத்தில் ஆய்வைச் சேராத ஒரு சாட்சி உட்கார வேண்டும், நான் வாசிக்க வாசிக்க அவரும் கேட்பார், அப்புறம்தான் கைநாட்டு. ஆகுகுறி என்று வாசித்தால் முதலில் சாட்சியே என்னைத்தான் பார்ப்பார்.

நேற்று எங்கள் தெருவில் ஒரு அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். கடலில் பறவைக் கூட்டம் தாழப் பறந்தால் கீழே மீன் இருக்கும் என்று வலை போடுவீர்கள் இல்லையா, இந்த டெஸ்ட் அந்தப் பறவை மாதிரி. அவர் உடனே, "பறவை பார்த்து வலை போட்டு டீசல் காசு போன நாளும் உண்டும்மா" என்றார். டாக்டர் சார் பயந்தது அவருக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிட்டது.

இன்னொன்று. படிவத்தில் 'மருந்துப்போலி' என்று இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். போலி மருந்து கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பினால் தெருவுக்குள்ளேயே போக முடியாது. ராயபுரம் சார் எழுதிய 'வெற்று மாத்திரை' நன்றாக இருக்கிறது.

நான் கேட்பது, 'ரத்தத்தில் பார்க்கும் அளவுகள்' என்று சும்மா எழுதக் கூடாதா?

ராயபுரம், வியாழன் மதியம்

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரே சிக்கல், இந்த ஆய்வில் கழுத்துத் தமனியின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேனிலும் பார்க்கிறார்கள். அது ரத்தத்தில் இல்லை. 'பரிசோதனையில் பார்க்கும் அளவுகள்' என்றால் இரண்டும் அடங்கும்.

வியாசர்பாடி, வியாழன் மதியம்

அது விளக்கம், கலைச்சொல் அல்ல. எடை பார்ப்பதும் பரிசோதனையில் பார்க்கும் அளவுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி, கண் எரிகிறது. இப்படி வைத்திருக்கிறேன்:

'இதய நோய் வரும் வாய்ப்பைப் பற்றித் துப்புக் கொடுக்கும் சில அளவுகளை உங்கள் ரத்தத்திலும் ஸ்கேனிலும் பார்ப்போம். இவற்றைக் குறிப்பான்கள் என்கிறோம். இந்த மருந்தால் இந்த அளவுகள் குறைந்தாலும், உங்களுக்கு மாரடைப்பு வராது என்று அதற்குப் பொருள் இல்லை.'

கடைசி வாக்கியம் மூலத்தில் பலவீனமாக, நாலாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. ஆய்வுக் குழுவிடம் கேட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். பறவையையும் சேர்க்கக் கேட்டேன், படிவத்தில் உவமை கூடாது என்றுவிட்டார்கள். சிஸ்டர் வாயால் சொல்லிக்கொள்ளட்டும். குறிப்பானுக்கு நாலு பேர், அதில் இருவர் 'சரி, ஏதோ ஒன்று' என்று தனிமடல் போட்டவர்கள். ஆகுகுறிக்கு ஒருவர், ஏதுவுக்கு ஒருவர்.

பெரம்பூர், வெள்ளி காலை

சொன்னேனே.

பழைய வண்ணாரப்பேட்டை, வெள்ளி மாலை

அனுப்பியாயிற்று. குறிப்பான் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்ட ஒரே சந்தேகம், 'நெறிமுறைக் குழு' என்பதில் அந்தக் 'க்' வேண்டுமா என்று.

திருவொற்றியூர், வெள்ளி மாலை

கட்டாயம் வேண்டும். ஆகுகுறியில் மட்டும் மிகாது, அது வினைத்தொகை. அடுத்த படிவத்துக்கு உதவும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.