மெடிக்கல் லீவு சம்பளத்துக்கு டிடிஎஸ் எப்படிப் பிடிப்பது? அரைச்சம்பள மாதத்தில் குழப்பம்

கோட்டையூர் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கத்து நூற்பாலை ஒன்றின் சம்பளப் பட்டியல் சம்பந்தமான கேள்வி. உற்பத்தி மேலாளர் ஒருவருக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மாதச் சம்பளம் 1,20,000. புதிய வரி முறையில் இருக்கிறார். 2025 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மாதம் 7,345 டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டியாயிற்று. அக்டோபர் முழுக்க மெடிக்கல் லீவு, முழுச் சம்பளம் கொடுத்தோம். நவம்பரும் டிசம்பரும் அரைச்சம்பளம், அதாவது 60,000. ஜனவரி சம்பளமில்லா விடுப்பு. பிப்ரவரி 1 முதல் வேலைக்கு வரலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

உடம்பு முடியாதவருக்குக் கொடுக்கிற பணத்தில் வரி பிடிக்க வேண்டாம் என்கிறது நிர்வாகம். அது சரியா? பிடிக்கத்தான் வேண்டுமென்றால் நவம்பருக்கு 7,345-இல் பாதி பிடித்தால் போதுமா? மார்ச்சில் அவர் ஈட்டிய விடுப்பில் கொஞ்சம் சரண்டர் செய்து பணமாக வாங்கப் போகிறார், 1,00,000 வரும். இன்னொன்று: டிசம்பர் 31-இல் மேஸ்திரி ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவருக்கு லீவுக் கணக்கில் 3,60,000 கொடுக்கப் போகிறோம். அதில் வரி உண்டா?

தேவகோட்டை வரிக்கணக்கு:

அண்ணே, முதல் கேள்விக்கு நேரடியான பதில்: வரி உண்டு. வேலை பார்த்த நாளுக்குக் கொடுத்தாலும் லீவு நாளுக்குக் கொடுத்தாலும் முதலாளி கொடுப்பது சம்பளம்தான். நோய் விடுப்புச் சம்பளத்துக்குத் தனி விலக்கு எதுவும் கிடையாது. சம்பளத்தில் வரி பிடிப்பதைச் சொல்லும் 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 192 இந்த 2025-26 ஆண்டுக்கு அப்படியே பொருந்தும். ஆஸ்பத்திரிச் செலவை மில் ஏற்றால் அது வேறு கணக்கு. அரசு மருத்துவமனையிலோ, குறிப்பிட்ட நோய்களுக்கு வருமான வரித்துறை ஒப்புதல் பெற்ற மருத்துவமனையிலோ ஆன செலவு என்றால் அதற்கு விலக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடாதீர்கள். தணிக்கையில் பிரித்துக் காட்ட முடியாமல் போய்விடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பாதிச் சம்பளத்துக்குப் பாதி வரி என்ற விதி எங்கும் இல்லை. பிரிவு 192 பார்ப்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை அவருக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்பதை. அதற்கு ஆண்டு வரி போட்டு, இதுவரை பிடித்ததைக் கழித்து, மீதியை மிச்ச மாதங்களுக்குப் பங்கிட வேண்டும்.

லீவுக்கு முன் நீங்கள் போட்டது இப்படி இருந்திருக்கும். மொத்தம் 14,40,000, சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 75,000 போக 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 வரை 20,000, 8 முதல் 12 வரை 40,000, மேலே உள்ள 1,65,000-க்கு 15 சதம் 24,750. ஆக 84,750. 4 சத செஸ் 3,390 சேர்த்தால் 88,140. பன்னிரண்டால் வகுத்தால் 7,345. சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

நவம்பர் சம்பளம் போடும்போது மதிப்பீட்டை மாற்றுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 8,40,000. நவம்பர், டிசம்பர் சேர்ந்து 1,20,000. ஜனவரி பூஜ்யம். பிப்ரவரி, மார்ச் 2,40,000. ஆண்டுக்கு 12,00,000. நிலைக்கழிவு போக 11,25,000. இது 12 லட்சத்துக்குள் இருப்பதால் பிரிவு 87ஏ தள்ளுபடியில் வரி முழுவதும் போய்விடும். ஆக நவம்பரிலிருந்து அவருக்கு டிடிஎஸ் பூஜ்யம். 3,672 பிடித்தால் அவ்வளவும் தேவையில்லாத பிடித்தம். அரைச்சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற நேரத்தில் அந்தப் பணம் அவர் கையில் இருக்க வேண்டும்.

சில சம்பள மென்பொருள்கள் அந்த மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்கும். 60,000-ஐப் பெருக்கினால் 7,20,000, வரி பூஜ்யம். நவம்பருக்கு விடை தற்செயலாகச் சரியாக வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிப்ரவரியில் 1,20,000 ஏறியதும் அதே மென்பொருள் மறுபடி 7,345 பிடிக்கும். அப்போதுதான் தப்பு தெரியும். ஆண்டு மதிப்பீட்டை நீங்களே ஒரு தாளில் போட்டு மென்பொருளோடு ஒத்துப் பாருங்கள்.

கோட்டையூர் கணக்கர்:

நன்றி ஐயா. அப்படியானால் ஏற்கெனவே கட்டிய 51,415? அதை மில்லே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? அவர் முன்னதாக வேலைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

தேவகோட்டை வரிக்கணக்கு:

கொடுக்காதீர்கள். அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்டிய பணம் அது. ஆண்டுக்குள் கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்திருந்தால் அவருடைய பின்வரும் மாதப் பிடித்தத்தில் சரிக்கட்டலாம், பிரிவு 192(3) அதற்கு இடம் தருகிறது. சரிக்கட்டிய பிறகும் மிஞ்சுவதை அவர் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க வேண்டும். காலத்தோடு தாக்கல் செய்தால் ஏப்ரல் 1-லிருந்து மாதம் அரை சத வட்டியோடு வரும்.

முன்னதாக வந்தால் என்ன என்றால், அவருக்கு இன்னும் 75,000 இடம் இருக்கிறது. மொத்தச் சம்பளம் 12,75,000 வரை போனாலும் வரி இல்லை. ஜனவரி பாதியில் வந்து 60,000 வாங்கினாலும் கணக்கு மாறாது.

மார்ச் சரண்டர் கொஞ்சம் நுணுக்கமானது. வேலையில் இருக்கும்போது வாங்கும் லீவுப் பணத்துக்கு விலக்கு இல்லை, முழுதும் சம்பளம். மொத்தம் 13,00,000 ஆகும், நிலைக்கழிவு போக 12,25,000. பட்டியலில் போட்டால் வரி 63,750. ஆனால் 12 லட்சத்தைத் தாண்டியது 25,000 மட்டும்தான், தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்கிற விளிம்பு நிவாரணம் இருக்கிறது. ஆகவே வரி 25,000, செஸ்ஸோடு 26,000. ஏற்கெனவே 51,415 பிடித்துவிட்டீர்கள், எனவே மார்ச்சிலும் பிடிக்க ஒன்றுமில்லை, அவருக்கு 25,415 திரும்ப வரும். நிவாரணம் தெரியாத மென்பொருள் 66,300 என்று காட்டி மார்ச்சில் 14,885 பிடிக்கச் சொல்லும். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள். பாங்க் டெபாசிட் வட்டி, பூர்வீக வீட்டு வாடகையில் பங்கு ஏதாவது உண்டா? நம் ஊர்ப் பக்கம் பலருக்கும் இருக்கும். அவர் எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தான் 12 லட்ச எல்லையைப் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் உங்கள் பொறுப்பு சம்பளத்தோடு முடிந்துவிடும், ஆனால் ரிட்டர்னில் அவர் தப்ப முடியாது.

செக்காலை சம்பளப்பட்டியல்:

மேஸ்திரி விஷயம் யாரும் தொடவில்லை. ஓய்வு பெறும்போது வாங்கும் லீவுப் பணத்துக்குப் பிரிவு 10(10ஏஏ) விலக்கு உண்டு, புதிய முறையிலும் உண்டு. தனியார் ஊழியருக்கு நான்கு தொகைகளில் எது குறைவோ அது விலக்கு: கையில் வாங்கியது, 25 லட்சம், பத்து மாதச் சராசரிச் சம்பளம், மிச்ச லீவு நாட்களின் பண மதிப்பு. 25 லட்சம் என்பது வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்த எல்லை, முந்தைய கம்பெனியில் எடுத்திருந்தால் கழியும்.

எல்லோரும் இடறும் இடம் ‘சம்பளம்’ என்ற சொல்லில் இருக்கிறது. இந்தக் கணக்குக்கு அடிப்படைச் சம்பளமும், ஓய்வூதியப் பலன்களுக்குச் சேரும் அகவிலைப்படியும், விற்பனையில் இத்தனை சதம் என்ற கமிஷன் இருந்தால் அதுவும்தான் சேரும். வீட்டு வாடகைப்படி சேராது. மேஸ்திரிக்கு 180 நாள் லீவு மிச்சம், மொத்தச் சம்பளம் 60,000, அதில் அடிப்படையும் அகவிலைப்படியும் 45,000 என்று வையுங்கள். மில் மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டு ஆறு மாதத்துக்கு 3,60,000 கொடுக்கிறது. ஆனால் விலக்கு 45,000 வீதம் ஆறு மாதம், 2,70,000 மட்டும். மீதி 90,000 வரிக்குட்பட்டது, டிசம்பர் மதிப்பீட்டில் சேருங்கள்.

நாள் கணக்கிலும் ஒரு வரம்பு உண்டு. மில் விதி வருடத்துக்கு எத்தனை நாள் கொடுத்தாலும், முடிந்த ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 30 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. 22 வருட சேவை, வருடம் 18 நாள் என்றால் 396 நாள், அனுபவித்தது 216 போக 180. இந்த லீவுப் பதிவேட்டின் நகலை அவர் கோப்பில் வைத்துவிடுங்கள். ராஜினாமா செய்து போகிறவருக்கும் இதே விலக்கு பொருந்தும். பணியில் இருக்கும்போதே இறந்தவரின் வாரிசுக்குக் கொடுக்கும் லீவுப் பணத்துக்கு வரியே இல்லை.

பள்ளத்தூர் பிஎஃப்-ஈஎஸ்ஐ:

கேள்வியில் இல்லாத இரண்டு விஷயம், ஆனால் அதே சம்பளப் பட்டியலில்தான் வரும்.

மாதம் 21,000 வரை வாங்கும் மில் தொழிலாளிக்கு நோய்க்காலப் பணத்தை ஈஎஸ்ஐ கார்ப்பரேஷன் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம்) நேராகக் கொடுக்கும், சராசரி நாள் கூலியில் 70 சதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதை மில் கொடுப்பதில்லை, எனவே மில்லின் சம்பளக் கணக்கிலும் 24கியூ என்ற காலாண்டு டிடிஎஸ் அறிக்கையிலும் சேர்க்கக் கூடாது. முக்கியம்: சம்பளத்தோடு லீவு போட்ட நாளுக்கு ஈஎஸ்ஐ நோய்ப் பலன் கிடையாது. தயவு காட்டுவதாக நினைத்து அதே நாளுக்கு லீவுச் சம்பளமும் போட்டுவிட்டால் தொழிலாளியின் கோரிக்கை நின்றுவிடும். எந்த நாள் லீவு, எந்த நாள் ஈஎஸ்ஐ என்பதை முதலிலேயே அவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லீவுச் சம்பளத்துக்கு பிஎஃப் பிடிக்க வேண்டும், சரண்டர் பணத்துக்கு வேண்டாம். மேலாளரின் ஜனவரிக்கு, பிஎஃப் அலுவலகத்துக்கு மாதாமாதம் ஏற்றும் இசிஆர் கோப்பில் பங்களிப்பில்லா நாட்கள் கட்டத்தில் 31 என்று போடுங்கள். வெறுமனே பூஜ்யச் சம்பளம் மட்டும் போட்டால் விளக்கம் கேட்பார்கள்.

தேவகோட்டை வரிக்கணக்கு:

தேதிகளையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த வரி அடுத்த மாதம் 7-க்குள், மார்ச்சில் பிடித்தது ஏப்ரல் 30-க்குள். அக்டோபர் முதல் டிசம்பர் காலாண்டு 24கியூ ஜனவரி 31, கடைசிக் காலாண்டு மே 31, ஊழியருக்குக் கொடுக்கும் டிடிஎஸ் சான்றான படிவம் 16 ஜூன் 15. பிடிக்காமல் விட்டால் மாதம் 1 சதம், பிடித்துக் கட்டாமல் விட்டால் மாதம் 1.5 சதம் வட்டி. 24கியூ தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய்.

மேலாளருக்கு நவம்பர் முதல் பிடித்தம் இல்லை என்பதால் கடைசிக் காலாண்டு 24கியூவில் ஆண்டுச் சம்பள விவரம் ஏற்றும் இணைப்பு 2-இல் அவர் பெயரை விட்டுவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. விடக் கூடாது. ஆண்டு முழுச் சம்பளம், நிலைக்கழிவு, தள்ளுபடி, பிடித்த 51,415 எல்லாம் அதில் ஏறினால்தான் படிவம் 16 சரியாக வரும். அது சரியாக வந்தால்தான் அவர் பணம் தடையில்லாமல் திரும்பி வரும்.

கோட்டையூர் கணக்கர்:

நவம்பர் பட்டியலில் மேலாளருக்குப் பிடித்தம் பூஜ்யம் என்று மாற்றியாயிற்று. நீங்கள் சொன்ன ஆண்டு மதிப்பீட்டுத் தாளையும் மருத்துவச் சான்று நகலையும் நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கக் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரியின் அடிப்படைச் சம்பளம் ஜூலையில் ஏறியிருக்கிறது. அப்போது சராசரிக்கு எந்தப் பத்து மாதம்?

செக்காலை சம்பளப்பட்டியல்:

ஓய்வுக்கு முந்தைய பத்து மாதம். டிசம்பர் 31 என்றால் மார்ச் முதல் டிசம்பர் வரை. மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதம் பழைய சம்பளம், ஜூலையிலிருந்து ஆறு மாதம் புதுச் சம்பளம். கூட்டிப் பத்தால் வகுங்கள். கடைசி மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்தால் விலக்கு கூடிப்போகும், பிடிக்க வேண்டியது குறைந்துபோகும், அந்த வட்டி மில்லின் தலையில்தான் விழும்.