துக்கம் ஆறக் கடலை வரைவது சரிதானா?

கேள்வி (காரைக்குடி):
அப்பச்சி (என் தந்தை) காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. சிறுவயதில் அவர்கள் என்னைத் தொண்டிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்ற நினைவில், வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) அமர்ந்து நீர்வண்ணத்தில் கடலை வரைகிறேன்; ஆனால் ஒவ்வொரு முறையும் அலைகள் கறுத்துச் சேறாகிவிடுகின்றன. கடலைக் கண்முன் காணாமல் வரைவதுதான் குறையா?

மறுமொழி 1:
இல்லை, ஆச்சி. ஓடும் அலையைப் பார்த்தபடியே தீட்ட இயலாது என்று கருதிய ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி, ஓவியக்கூடத்தில் நினைவிலிருந்தே வரைந்தார். 1850-இல் அவர் தீட்டிய ‘ஒன்பதாம் அலை’யில், உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு அப்பால் பொன்னொளி நீரை ஊடுருவி வருவதைப் பாருங்கள்.

மறுமொழி 2:
பூசிய வண்ணம் காய்வதற்குள் மேலும் மேலும் தூரிகையை ஓட்டுவதால்தான் சேறாகிறது. காகிதத்தை நனைத்து, பிரஷ்யன் நீலத்துடன் சிறிது பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு வண்ணம்) கலந்து ஒரே வீச்சில் இழுத்துவிட்டு, காயும்வரை கையை எடுத்துவிடுங்கள். நுரைக்குக் காகிதத்தின் வெண்மையையே விட்டுவையுங்கள். என் மனைவியை இழந்த ஆண்டில், அப்படிக் காத்திருந்த வேளைகளில்தான் என்னால் அழ முடிந்தது. கறுப்பு வந்தால் வரட்டும். தூக்கம் கெடுமளவு துயரம் நீடித்தால் மருத்துவரையும் அவசியம் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி, அண்ணே. இன்று நுரைக்கு இடம் விட்டு வரைந்தேன், கறுப்பை அழிக்கவில்லை.