கும்பகோணம் வீடு (குடும்பக் குழு)

அலமேலு: வளைகாப்புக்குக் கொட்டகையில்தான் அடுப்பு போட வேண்டும். காயலான் கடைக்காரர் நாளைக் காலை வருகிறார். அங்கே நிற்கும் அப்பாவின் பழைய பியட் காரை எடை போட்டு எடுத்துக்கொள்வாராம்.

சேகர்: நல்லது அக்கா.

ராமமூர்த்தி: எடைக்கா? அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

கண்ணன்: பெரிய மாமா வந்துவிட்டார் 😀

ராமமூர்த்தி: கேளுங்கள். அது 1966 பியட் 1100 டி. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆலையில் செய்தது. இத்தாலியில் 1100 வரிசையையே 1969இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதே உருவம், அதே 1089 சிசி இன்ஜின், பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி 2000 வாக்கு வரை வந்துகொண்டிருந்தது. அதனால்தான் நம் வண்டிக்கு இன்றும் உதிரி பாகம் கிடைக்கிறது.

கண்ணன்: அப்படியானால் அது எப்படி அரிய வண்டி? ஊரெல்லாம் பத்மினிதானே ஓடியது.

ராமமூர்த்தி: இப்போது எங்கே ஓடுகிறது? மும்பை டாக்சிகளில் கடைசிப் பத்மினிகூட 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் ஓய்ந்தது. 1100 டி அதைவிடப் பழையது. இதற்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடல்தான் எல்லா பாரத்தையும் தாங்குகிறது. அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியே போயிற்று. அப்பா மழைத்தண்ணீர் பட விட்டதில்லை. ஒரு திருகைக்கூட மாற்ற விட்டதில்லை.

சேகர்: என்னை ஓட்டவும் விட்டதில்லை.

அலமேலு: மகாமகக் குளத்தருகே கொண்டுபோய் இடித்தது யார்?

சேகர்: அண்ணன். பழி மட்டும் என் மேல்.

வித்யா: பெரியப்பா, அந்த வண்டியோடு வளைகாப்புப் படம் எடுக்கலாமா? அத்தை, வளையல் 2-6 அளவுதானே வாங்கினீர்கள்?

அலமேலு: 2-4 வாங்கிவிட்டேனே!

கண்ணன்: மாமா, பதிவு காலாவதியாகியிருக்குமே?

ராமமூர்த்தி: 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்திருக்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது, அவ்வளவுதான்.

சேகர்: 20,000?

ராமமூர்த்தி: நான் தருகிறேன்.

அலமேலு: ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது அண்ணா. பெயர் மாற்ற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுப் பத்திரத்திலேயே சேகர் இன்னும் போடவில்லை.

சேகர்: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம் அக்கா.

கண்ணன்: கடைக்காரரிடம் என்ன சொல்லட்டும்?

அலமேலு: ஞாயிறு கழித்து வரச் சொல். வாசலில் அடுப்பு போட முடியுமா என்று சமையல்காரரிடம் கேட்கிறேன்.

ராமமூர்த்தி: ஞாயிறு கழித்தும் வர வேண்டாம்.

ராமமூர்த்தி: வண்டியை நகர்த்துவதானால் முதலில் டயருக்குக் காற்று அடியுங்கள். பம்பரைப் பிடித்துத் தள்ளாதீர்கள்.

சேகர்: ஆர்.சி. புத்தகம் யாரிடம் இருக்கிறது?

வித்யா: அத்தை, 2-4 கையில் ஏறாது.

அலமேலு: மாற்றிக்கொண்டு வருகிறேன். சேகர், உன் வீட்டு பீரோவில் பார்.