‘மண்டலமாக்கம்’ வேண்டாம், ‘பகுதிநெறி’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வீடு கட்டுவோருக்கான கையேட்டில், ஊரைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எதை, எப்படிக் கட்டலாம் என வரையறுக்கும் ‘ஜோனிங்’ (zoning) என்பதற்கு ‘மண்டலமாக்கம்’ என நண்பர் பரிந்துரைத்தது அகராதிப்படி சரிதான். ஆனால் மதுரையில் ‘மண்டலம்’ என்றால், சொத்து வரி கட்டப் போகும் மாநகராட்சி மண்டல அலுவலகம்தான் மக்கள் நினைவுக்கு வரும். ‘நிலவகை’யும் உதவாது, அது நன்செய், புன்செய், நத்தம் என்னும் வருவாய்த்துறைப் பாகுபாட்டுக்கு உரியது. பட்டாவில் புன்செய் என்றிருப்பதை மட்டும் வைத்து அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று சொல்லிவிட முடியாது என்பதை, அருப்புக்கோட்டை சாலைப் பக்கம் மனை தேடி அலைந்தவர்கள் நன்கறிவார்கள்.

‘நிலப்பயன்பாடு’ அரசாணைகளில் பழகிய சொல்லே எனினும், அது பாதிப் பொருளைத்தான் தருகிறது. வீடா கடையா என்பதோடு, எவ்வளவு உயரம் எழுப்பலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், மனையில் எத்தனை பங்கைக் கட்டடம் அடைக்கலாம் என்பவற்றையும் ஜோனிங் விதிகள் வரையறுக்கின்றன. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதிக்கும் நிலத்தின் பயன்பாட்டுக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே ‘பகுதிநெறி’ என்பதை முன்வைக்கிறேன். பகுதிநெறி வரைபடம், பகுதிநெறி மாற்றம், தனி மனைக்குத் தரப்படும் பகுதிநெறி விலக்கு என்று சொல் தடையின்றிக் கிளைக்கிறது. “நியூ சவுத் வேல்ஸில் மனை வாங்குமுன், 1979ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 10.7ஆம் பிரிவின்படி உள்ளாட்சி மன்றம் தரும் சான்றிதழைப் பெற்று, அதில் மனையின் பகுதிநெறியைச் சரிபார்க்க வேண்டும்” என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை.

ஒன்றை மட்டும் இதனுள் அடக்கிவிடக் கூடாது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பகுதிநெறிச் சட்டமே கிடையாது. அதை நம்பி மனை வாங்கினால், பத்திரத்தோடு வரும் நிபந்தனைகள் கையைக் கட்டிவிடும், அவற்றை மீறுவோர் மீது நகராட்சியே வழக்குத் தொடரவும் முடியும். இதற்குப் ‘பத்திர நிபந்தனை’ என்று தனிப் பதிவு வேண்டும்.

மனைக்கு அடியில் ஊரார் கழிவுநீர்க் குழாய் ஓடினால், அதன்மேல் கட்ட விடாத உரிமைக்கு என்ன சொல்வது? நம் பத்திரங்களில் உள்ள ‘நடை பாத்தியம்’ வழிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ‘பிறர் பாத்தியம்’ எனலாமா என்று பத்திர எழுத்தர்களோடு பழகிய உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.