பெரிய போவி கத்தி: சுவருக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்றா?

ஆஸ்டின்வாசி:
வணக்கம். அமெரிக்காவில் புகழ்பெற்ற பெரிய வேட்டைக் கத்தியான போவியில், பத்து அங்குல அலகுள்ள ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். ஆண்டின் பெரும்பகுதி அது வீட்டுச் சுவரில் இருக்கும். இலையுதிர்காலத்தில் இரண்டு வாரம் ஆர்க்கன்சாஸின் ஓசார்க் மலைகளில் முகாமிடும்போது, கிளை கழிக்கவும் சிறு விறகு பிளக்கவும் அதுவே உதவ வேண்டும். ஒரே கத்தி போதுமா, தனித்தனியாக வாங்க வேண்டுமா?

கொம்புப்பிடி:
தனித்தனியாக வாங்குங்கள், நண்பரே. மான்கொம்புப் பிடியும், கை அலகின்மீது வழுக்காமல் தடுக்கும் பித்தளைக் கைக்காப்பும் கொண்ட அழகான போவி ஒன்றை முகாமுக்கு எடுத்துச் சென்று, அதன் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளந்தவன் நான். மூன்றாம் நாள் கைக்காப்பு ஆட்டம் கண்டது; கொம்பில் மயிரிழை விரிசலும் விழுந்தது.

காட்சிக்குரிய போவிக்கென்று தனி மரபே உண்டு. 1830களிலிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பட்டறைகள் இக்கத்திகளை அமெரிக்காவுக்கு ஏராளமாக ஏற்றுமதி செய்தன. அமெரிக்க வாடிக்கையாளரைக் கவரும் வாசகங்களை அவை அலகிலேயே பொறித்தன. அந்நகரத்துக் கத்தி உற்பத்தியாளர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் தம் தொழிற்சாலைக்கு வாஷிங்டன் வொர்க்ஸ் என்றே பெயரிட்டார். அக்காலத்துப் பிடிகள் பலவற்றுக்கு நம் நாட்டுக் கடமான் கொம்பு சென்றது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டதால், பழைய கொம்புப் பிடி இன்று அரிய பொருளாகிவிட்டது. அத்தகைய கத்தியை விறகில் இறக்குவது அதற்குச் செய்யும் அநீதி.

பட்டறைவாசம்:
ஐயா, உங்கள் இழப்பு வருத்தத்துக்குரியது. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணத்தை ஏற்க முடியவில்லை. காட்சிக்கென்று விற்கப்படும் கத்திகள் பலவற்றில் பிடிக்குள் செல்லும் வால்பகுதி பென்சில் அளவே பருமன் கொண்டது. சிலவற்றில் அதையும் தனியாகப் பற்றவைத்திருப்பார்கள். ஓங்கி அடிக்கும்போது விசை முழுவதும் அந்த இணைப்பில்தான் இறங்குகிறது. பழி சேர வேண்டியது கட்டுமானத்தை.

போவி பிறந்ததே வேலைக்காகத்தான். 1827 செப்டம்பர் 19 அன்று நாட்செஸ் நகருக்கு அருகே, மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் நடந்த கைகலப்பில்தான், இவ்வகைக்குப் பெயர் தந்த அமெரிக்கர் ஜேம்ஸ் போவியின் கத்தி புகழ்பெற்றது. அது வேட்டைக்கென்று செய்யப்பட்டது என்றும், அதன் நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டுமே கூர், வளைவு இல்லை என்றும் அவருடைய அண்ணன் ரெசின் போவி 1838இல் எழுதினார். இன்று நாம் போவி என்றதும் நினைக்கும், முனையருகே முதுகு குழிந்து சரியும் அமைப்பும் பெரிய கைக்காப்பும் அந்த விவரிப்பில் இல்லை.

நல்ல கத்தி எதைத் தாங்கும் என்பதற்கு 1976இல் தொடங்கப்பட்ட, கத்தி செய்யும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி கொல்லர்களுக்கு வைக்கும் தேர்வே சான்று. பத்து அங்குலத்துக்கு மிகாத அலகால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நான்கு அங்குல மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே கூர் கைமயிரை மழிக்க வேண்டும். இறுதியில் அலகைப் பிடிகருவியில் இறுக்கி 90 பாகை வளைத்தாலும் அது முறியக் கூடாது. கூர்ப்பக்கம் கடினமாகவும் முதுகு இளக்கமாகவும் அமையும்படி தோய்ச்சல் கொடுத்தால்தான், அதாவது எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால்தான், இது நடக்கும். அப்படிப்பட்ட கத்தியை விட அழகாகச் சுவரில் தொங்கக்கூடியது எது?

கொம்புப்பிடி:
அந்தத் தேர்வை நானும் மதிக்கிறேன். ஆனால் வளைத்த பின் அந்தக் கத்தி சுவருக்கும் ஆகாது, காட்டுக்கும் ஆகாது. கொல்லரின் திறமைக்கு மட்டுமே அது சான்று. மேலும், நீங்கள் புகழும் அந்தத் தேர்வுக் கத்திகளின் கார்பன் எஃகு ஈரத்தில் ஓர் இரவு கிடந்தாலே புள்ளி புள்ளியாகத் துருவேறும். காட்சிக் கத்திகளில் மலிவானவை 420 வகைத் துருப்பிடிக்காத எஃகில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்: கூர் நிலைக்காவிட்டாலும் மினுக்கம் நிலைக்கும்.

பட்டறைவாசம்:
பயன்பட்ட எஃகில் படியும் சாம்பல் நிறப் படலத்தை நான் அழகென்றே கருதுகிறேன்; இதில் நாம் ஒன்றுபடப் போவதில்லை. துருவைப் பற்றிய உங்கள் எச்சரிக்கை சரி. அதைத் தடுக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். ஆனால் மாதக்கணக்கில் தோல் உறைக்குள் வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதைப் பதப்படுத்திய பொருள்களும் எஃகை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

ஓடைக்கரை:
ஆஸ்டின்வாசி டெக்சாஸில் இருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். போவி கத்தியைப் பெயர் குறிப்பிட்டே தடுத்துவந்த அம்மாநிலச் சட்டம் 2017 செப்டம்பர் 1 முதல் மாறியது. வயது வந்தோர் அதை எடுத்துச் செல்லலாம். இருப்பினும், ஐந்தரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள கத்தியைப் பள்ளி, மருத்துவமனை முதலிய இடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. முகாமுக்குப் போகும் வழியில் எங்கெல்லாம் இறங்குவீர்கள் என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆஸ்டின்வாசி:
அனைவருக்கும் நன்றி. பத்து அங்குலம் என்ற பிடிவாதத்தை ரெசின் போவியின் கணக்கு தளர்த்திவிட்டது. ஒன்பதேகால் அங்குல அலகு, லாரி ஸ்பிரிங் பட்டைக்குப் பயன்படும் 5160 வகை எஃகு, பிடியின் முழு நீளத்துக்கும் செல்லும் வால், துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா பிடி என்று ஒரே கத்தியாகக் கேட்கப் போகிறேன்.

கொம்புப்பிடி:
உங்கள் முடிவு அதுவானால், கைக்காப்பையாவது பித்தளையில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; எஃகிலேயே கேளுங்கள். வால் எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் படத்தை, பிடி பொருத்துவதற்கு முன்பே கொல்லரிடம் வாங்கிப் பாருங்கள். நான் அதைக் கேட்காமல் விட்டேன்.