பிசிக்ஸ் 2ஏ-வா, 4ஏ-வா? கலிபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிளஸ் டூ இயற்பியலில் 95 வாங்கியிருக்கிறேன், இங்கே கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளும் கல்லூரி) எந்த இயற்பியல் பாடத்தில் சேரலாம் என்று கேட்ட தம்பிக்கும், அவரைப் போலத் தயங்கி நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தப் பாட வரிசை என்று முடிவு செய்யுங்கள். டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளில் 2ஏ-வில் தொடங்குவது கால்குலஸ் (நுண்கணிதம்) இல்லாத இயற்பியல். உயிரியல், மருத்துவம் பக்கம் போகிறவர்களுக்கானது. 4ஏ-வில் தொடங்குவது கால்குலஸ் கலந்தது. பொறியியலுக்கு அதுதான் வேண்டும். மற்றக் கல்லூரிகளில் எண்கள் மாறும். சுலபமாக இருக்கும் என்று 2ஏ எடுத்துவிட்டுப் பிறகு பொறியியலுக்கு மாறினால், பெரும்பாலும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே சேரும் முன்பே 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறந்து, உங்கள் கல்லூரிப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பிரிவுக்கு ஏற்கிறது என்று பாருங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டணம்: மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) 46 டாலர். மற்றவர்களுக்குப் பல மடங்கு. மாநிலவாசி என்று ஏற்க, ஓராண்டும் ஒரு நாளும் இங்கே வசித்ததற்கான சான்று வேண்டும். எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்களும் மாநிலவாசியாகத் தகுதி பெறலாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முடியாது. வாடகை ஒப்பந்தம், மாநில ஓட்டுநர் உரிமம், வரித்தாள் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

இனி, நம் ஊரில் படித்தவர்கள் இடறும் இடம். கணக்கு நமக்கு வந்துவிடும். ஆய்வகம்தான் வேறு உலகம். முதல் மாதம் சாய்ந்த தண்டவாளத்தில் சிறு வண்டியை உருட்டிவிட்டு, அதன் முடுக்கத்திலிருந்து ஜி-யை, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எனக்கு 9.4 வந்தது. பதறிப்போய், குறைவாக வந்த அளவுகளை நீக்கிவிட்டு 9.8 என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டில் அதுதானே சரியான விடை என்று வளர்ந்தவள் நான். ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில், மற்ற அளவுகள் எங்கே என்று கேட்டிருந்தார். பிறகு பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார். தண்டவாளத்தின் ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்தியிருந்தோம். அதை அளப்பதில் 1 மி.மீ. தவறினாலே விடை 5 சதவீதம் தவறிவிடும். சக்கர உராய்வும் முடுக்கத்தைக் குறைக்கும். 9.4, கூட்டியோ குறைத்தோ 0.5 என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண். அளந்ததை அளந்தபடி எழுதி, எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதையும் சொல்வதுதான் இங்கே இயற்பியல். அந்த ஒரு மாலையில் கற்றதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அதனால் ஆசிரியரின் ஆபீஸ் நேரத்துக்குக் கட்டாயம் போங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று கூச்சப்பட வேண்டாம், அந்த நேரம் உங்களுக்காகவே ஒதுக்கப்பட்டது. புத்தகம் வாங்கும் முன், இலவசப் பாடநூல்கள் வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் போதுமா என்று கேளுங்கள். அதன் 'யுனிவர்சிட்டி பிசிக்ஸ்' மூன்று தொகுதிகளும் இணையத்தில் இலவசம்.

தம்பி, எந்தப் பிரிவில் சேர விருப்பம், எந்த விசா, கால்குலஸ் முடித்தாயிற்றா என்பதை எழுதுங்கள். அசிஸ்டில் சேர்ந்து பார்ப்போம்.