வளர்ப்புப் பராமரிப்பில் அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் மதுரையில் வசிக்கிறோம். இருவருக்கும் ஐம்பது வயதை ஒட்டி ஆகிறது. இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கணக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கே ஒரு சிறுமி தன் தகரப் பெட்டியின் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருப்பாள். வகுத்தல் கணக்குப் போடும்போதும் அவள் இடக்கை அதைப் பற்றியே இருக்கும். அவளைப் போன்ற ஒரு பிள்ளையை, தத்தெடுப்பாக அல்லாமல், வளர்ப்புப் பராமரிப்பு (foster care) முறையில், அதாவது தற்காலிகப் பொறுப்பாக, வீட்டில் வைத்து வளர்க்க விரும்புகிறோம்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இதற்கான ஆணையைக் குழந்தைகள் நலக்குழுதான் பிறப்பிக்க வேண்டும் என்பதும், அதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டாய்வு நடத்தும் என்பதும், ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழியுண்டு என்பதும் தெரியும். (பணம் எங்களுக்கு முக்கியமல்ல; பிள்ளையின் பெயரில் சேமித்துவிடலாம் என்று எண்ணம்.)

எங்கள் தயக்கம் வேறு. பெற்ற தாய் பார்க்க வந்து திரும்பிய நாட்களில் பிள்ளையை எப்படித் தேற்றினீர்கள்? "எத்தனை நாள் இங்கே இருப்பேன்?" என்று கேட்டால், பொய்யான உறுதி தராமல் என்ன பதில் சொன்னீர்கள்? வீட்டாய்வில் எவற்றைக் கேட்டார்கள்? இவ்வழியில் பிள்ளை வளர்த்தவர்களும், அவ்வாறு வளர்ந்தவர்களும், பிள்ளையின் அடையாளம் வெளிப்படாதவாறு, எழுதினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.